ஓனர் இரண்டு

மீட்டரில் பதினேழு கிலோமீட்டர்.
சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.
ஆர்.சி.யில் மட்டும்
யாரோ ஒருவர் கைக்குப் போய் வந்திருந்தது.

"மார்ச் கடைசி, சார்" என்றான் சபரிநாதன்.
"கம்பெனி டார்கெட்டுக்கு ஒம்பது வண்டி குறைஞ்சுது.
நாங்களே ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்.
பேப்பர்லதான் பழசு.
வண்டியப் பாருங்க, பொறந்த கொழந்த."

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
ஒரு தகரக் கொட்டகை.
பாதி உடம்பு நிழலில், பாதி வெயிலில்
பிறந்த குழந்தைகள் வரிசையாக நின்றன.
எனக்கு வாய்த்தது சாம்பல் நிறம்.
மனைவி கேட்டிருந்தது சிவப்பு.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் தள்ளுபடி என்றதும்
சாம்பல்தான் அழுக்குத் தாங்கும் என்றாள்.

சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான்.
ஈர மாவு எத்தனை மூட்டை,
காய்ந்தால் எத்தனை,
நடுவில் வெயில் தின்றது எவ்வளவு,
எல்லாம் சொல்வேன்.
இந்த ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தை
எந்த வெயில் தின்றது என்று
கேட்கத் தோன்றவில்லை.

படிவம் இருபத்தொன்பது. படிவம் முப்பது.
விற்பவர் கையொப்பமிடும் இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
"மொத ஓனர் வரணுமே?"
"இங்கதான் இருக்காங்க."
உள்பக்கம் திரும்பிக் கத்தினான்:
"மாதம்மாக்கா!"

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.
மாதம்மாள், கணவர் பெயர் பெருமாள், மணியனூர்.
பேனாவை வாங்கி
துடைத்த தரையில் கால் வைப்பதுபோல்
ஒவ்வோர் எழுத்தாக வைத்தாள்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனது.
நாலடி போனவள் திரும்பி வந்து வைத்தாள்.

"உங்க வண்டி நல்லா இருக்குங்க"
தமாஷுக்குத்தான் சொன்னேன்.

"இதாலதாங்க ஆயிரம் ரூவா நின்னுபோச்சு.
பொம்பளைங்களுக்கு மாசாமாசம் போடுறாங்கல்ல, அது.
உனக்குத்தான் காரு இருக்கேன்னு
தாலுகா ஆபீசுல சொல்லிட்டாங்க.
எந்தக் காருன்னேன்.
கம்ப்யூட்டரத் திருப்பி நம்பரக் காட்டுனாங்க.
இங்க வந்து தேடுனேன்.
ரெண்டாவது வரிசையில நின்னுச்சு.
தெனம் நாந்தான் தொடைக்கிறேன், எனக்கே தெரியல."

சபரிநாதன் இருமினான்.
"பேர் மாத்திட்டா சரியாயிரும்க்கா.
அதான் சார் வந்துட்டாரே."

எத்தனை மாசம் என்றேன்.
நாலு என்றாள்.
தலைக்குள் பேரேடு தானாகத் திறந்தது.
எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று
பிடிபடாமல்
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
பிறகு ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
"வேண்டாங்க. பேர மட்டும்
சுருக்கா மாத்திருங்க."

வண்டி எடுத்தது ஆடியில் என்பதே
சொந்தத்தில் யாருக்கும் தெரியக்கூடாது
என்றிருந்தாள் மனைவி.
பேரையாவது ஆவணியில் மாற்றிக்கொள்வோம் என்றாள்.
படிவங்கள் பீரோவில்,
பட்டுப்புடவைகளுக்கு அடியில் போயின.

சுதந்திர தின விடுமுறை.
ஏற்காடு அடிவாரத்தில் வண்டிகள்
கோரிமேடுவரை நின்றன.
போலீஸ்காரர் கைமெஷினில் நம்பரைத் தட்டினார்.
"மாதம்மாள்னு காட்டுது. யாரு?"
மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"தெரிஞ்சவங்க" என்றேன்.
"அவங்க வரலையா?"
"வேலை இருக்குன்னாங்க."
போகச் சொன்னார்.

பின்சீட்டில் பிளாஸ்டிக்கை இன்னும் எடுக்கவில்லை.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
யாரோ நகர்ந்து உட்கார்வதுபோல்
அது முனகியது.
ஏசி நன்றாக இழுத்தது. மைலேஜும் பரவாயில்லை.
கீழே சேலம்
வெயிலில் காயப்போட்ட மாவாகத் தெரிந்தது.

பதினோராவது வளைவில்தான் நினைவு வந்தது,
இன்றைக்குத் தேதி பதினைந்து.
அவள் தெருவில் எல்லார் போனிலும்
பணம் வந்த சத்தம் கேட்டிருக்கும்.

ஐயாயிரம்.